ஜார்ஜியாவின் பச்சைப் பலகைகளும் ஷெர்மன் படை போன வழியும்

சாலைப்பித்தன்:
அட்லாண்டாவிலிருந்து சவானாவுக்குப் போகும் நம்மவர்கள் ஐ-75 பிடித்து மேக்கன், அங்கிருந்து ஐ-16 என்று ஒரே மூச்சில் போய்விடுவார்கள். இந்தத் தடவை நான் வேண்டுமென்றே உள்சாலைகளில் போனேன். டிகேட்டர், லித்தோனியா, கவிங்டன், மேடிசன், மில்லெட்ஜ்வில், சாண்டர்ஸ்வில். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864 நவம்பரில், வடக்கின் (யூனியன்) தளபதி ஷெர்மன் படையின் இடது அணி போன வழி ஏறக்குறைய இதுதான்.

வழி நெடுக அந்தப் பச்சைப் பலகைகள். பொன்னிற எழுத்து, உச்சியில் மாநில முத்திரை, கீழே ஓர் எண். இறங்கிப் படித்தால் பலவற்றில் தொடக்கம் ஒன்றேதான்: 1864 நவம்பர் 15 அன்று, அட்லாண்டாவை அழித்து, வடக்கோடு இருந்த தொடர்பையும் துண்டித்துக்கொண்டு, மேஜர் ஜெனரல் ஷெர்மன் சவானாவை நோக்கித் தன் நாசகாரப் படையெடுப்பைத் தொடங்கினார், படையை இரண்டு அணிகளாகப் பிரித்தார். அதற்கப்புறம் அந்தந்த ஊர்க்கணக்கு. எந்தக் கோர் (படையின் பெரும்பிரிவு) எந்தத் தேதியில் எந்த ஓடையைக் கடந்தது, ராத்திரி யார் பண்ணையில் முகாம் போட்டது.

நான் நின்று படித்தவற்றில் அந்தப் பண்ணையில் பருத்தி எடுத்தவர்கள் யார் என்று ஒரு வரி இல்லை. போர் எதற்காக நடந்தது என்பதும் இல்லை.

ஆனால் அட்லாண்டாவிலேயே முன்னாள் அதிபர் கார்ட்டர் நூலக வளாகத்தில் 2014-இல் நட்ட பலகை வேறு கதை சொல்கிறது. மக்கள் நம்புவதற்கு மாறாக, ஷெர்மன் படை பெரும்பாலும் போருக்குப் பயன்பட்ட சொத்துகளைத்தான் அழித்தது, போகும் வழியில் ஆயிரக்கணக்கான அடிமைகளை விடுவித்தது என்கிறது. ஒரே படை, ஒரே பயணம். இரண்டில் எதை நம்புவது? அந்தப் பழைய பலகைகளை யார் எழுதினார்கள், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையகாகிதம்:
நல்ல கேள்வி. முதலில் அந்த எண். அதன் முதல் பகுதி கவுண்டியின் (நம் மாவட்டம் மாதிரி) எண். ஜார்ஜியாவின் 159 கவுண்டிகளையும் அகரவரிசையில் அடுக்கி எண் கொடுத்திருக்கிறார்கள். ஃபுல்டன் 60, நியூட்டன் 107. அடுத்த பகுதி அந்தக் கவுண்டிக்குள் எத்தனையாவது பலகை என்பது.

பலகைகளை நட்டது 1951-இல் மாநில அரசு தொடங்கிய ஜார்ஜியா வரலாற்று ஆணையம். 1973-இல் அதை மூடுவதற்குள் சுமார் 2,000 பலகைகள் ஆகிவிட்டன. 1998 முதல் அந்த வேலையைப் பார்ப்பது ஜார்ஜியா வரலாற்றுக் கழகம். நீங்கள் சொன்ன 2014 பலகை அவர்களுடையது.

அட்லாண்டா சுற்றுவட்டாரப் போர்ப் பலகைகளில் பெரும்பாலானவை வில்பர் கர்ட்ஸ் என்பவரின் கைவண்ணம். சுவாரசியமான மனிதர். ஓவியர், இல்லினாயில் பிறந்தவர், அதாவது வடக்கர். கல்யாணம் செய்துகொண்டதோ வில்லியம் ஃபுல்லரின் மகளை. 1862-இல் யூனியன் உளவாளிகள் 'ஜெனரல்' என்ற ரயில் இன்ஜினைக் கடத்திக்கொண்டு ஓடியபோது பின்னாலேயே கால்நடையாகத் துரத்தத் தொடங்கிய கண்டக்டர் அந்த ஃபுல்லர்தான். 1939-இல் வந்த 'கான் வித் த விண்ட்' படத்துக்கும் கர்ட்ஸ் வரலாற்று ஆலோசகர். இப்படிப்பட்டவரை மாநில அரசு பலகை எழுதச் சொன்னால் எப்படி எழுதுவார்? அவர் ஒவ்வொரு மேட்டையும் ஓடையையும் நடந்தே பார்த்தவர். இடம், தேதி, படைப்பிரிவு என்று வந்தால் அவரைக் குறை சொல்வது கஷ்டம்.

பொதுவாகவே அந்தக் காலத்துப் பலகைகளில் பண்ணை அடிமைகள் வராததற்கு ஒரு காரணம் மூலத்திலேயே இருக்கிறது. அமெரிக்க அரசு 1880 முதல் 1901 வரை வெளியிட்ட போர்ப் பதிவேடுகள், 128 புத்தகங்கள், முழுக்க அதிகாரிகளின் அறிக்கைகள். எங்கே கடந்தோம், எங்கே தங்கினோம் என்பதுதான் அதில் கொட்டிக் கிடக்கும். அதை வைத்து எழுதினால் பலகையும் அப்படித்தான் வரும்.

இன்னொரு காரணம் காலம். 1956-இல் ஜார்ஜியா தன் மாநிலக் கொடியிலேயே கான்ஃபெடரேட் (பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டு) போர்ச் சின்னத்தைச் சேர்த்தது. அது நீங்கியது 2001-இல். அந்தக் கொடி பறந்த வருடங்களில் வார்த்தவை இந்தப் பலகைகளில் பல.

மேக்கன் மாமா:
நான் இந்தப் பக்கம் ரொம்ப காலமாக இருப்பவன். ஊர்க்காரர்கள் ஷெர்மனைப் பற்றிப் பேசினால் போன வாரம் நடந்ததுபோல் பேசுவார்கள். எந்தக் கட்டடம் காணாமல் போனாலும் ஷெர்மன் எரித்தான். கோர்ட் ரெக்கார்டு இல்லையா, ஷெர்மன் எரித்தான். போர் முடிந்து பல வருடம் கழித்து அடுப்பிலிருந்து தீப்பிடித்த வீட்டுக்கும் அவன்தான் பொறுப்பு. எரியாமல் நிற்கிற வீட்டுக்கும் ஒரு கதை உண்டு. 'வீட்டம்மா அழகாக இருந்தாள், பியானோ வாசித்தாள், அதனால் விட்டுவிட்டான்' என்று.

மேடிசனில் அந்த அழகான வெள்ளைத் தூண் வீடுகள் இன்றும் இருப்பதற்கு ஊர்க்காரர்கள் சொல்லும் காரணம் ஜோஷுவா ஹில். தனி நாடாகப் பிரிவதை எதிர்த்த காங்கிரஸ் உறுப்பினர். அவர் போய்ப் பேசியதால் ஊர் பிழைத்தது என்பார்கள். அவர் யூனியன் ஆதரவாளர் என்பது உண்மை. ஆனால் வழிநெடுக எரியாத வீடுகள் ஏராளம், எல்லா ஊரிலும் ஒரு ஜோஷுவா ஹில்லா இருந்தார்?

சாலைப்பித்தன் தம்பி, நீங்கள் வலது அணி போன வழியையும் பார்க்க வேண்டும். மேக்கனுக்குக் கிழக்கே கிரிஸ்வல்ட்வில். பருத்தியிலிருந்து விதை பிரிக்கும் ஜின் இயந்திரம் செய்த தொழிற்சாலை, போரில் ரிவால்வர் செய்தது. நவம்பர் 22 அன்று ஜார்ஜியா மிலிஷியா (மாநிலத்தின் ஊர்க்காவல் படை) அங்கே யூனியன் பின்படையைத் திறந்த வயலில் தாக்கியது. எதிரே இருந்தவர்கள் சண்டையில் ஊறிய காலாட்படை, சிலர் கையில் தொடர்ந்து சுடும் ஸ்பென்சர் துப்பாக்கி. மூன்று தடவைக்கு மேல் மோதிப் பார்த்தார்கள். பல நூறு பேர் விழுந்தார்கள். புகை அடங்கியதும் கிட்டே போய்ப் பார்த்த யூனியன் சிப்பாய்களே நரைத்த தலைகளும் சின்னப் பையன்களும் கிடந்ததை நாட்குறிப்பில் எழுதி வைத்தார்கள். மொத்தப் பயணத்திலும் காலாட்படைகள் நேருக்கு நேர் மோதிய பெரிய சண்டை என்றால் இது ஒன்றுதான்.

கேள்விக்குறி:
ஒரு சந்தேகம். 60,000 பேர் சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள்? அப்புறம் தெற்கின் பெரிய படை எங்கே போயிற்று, தடுக்க ஆளே இல்லையா?

பழையகாகிதம்:
தடுத்திருக்க வேண்டியவர் ஜெனரல் ஹுட். அவர் ஷெர்மனை வடக்கே இழுக்கலாம் என்று டென்னசிக்குப் போனார். ஷெர்மன் பின்னால் போகவில்லை. ஹுட் நவம்பர் 30-இல் ஃபிராங்க்ளினிலும் டிசம்பர் பாதியில் நாஷ்வில்லிலும் தன் படையை அழித்துக்கொண்டார். ஜார்ஜியாவில் மிஞ்சியது வீலரின் குதிரைப்படையும் மிலிஷியாவும்.

சாப்பாடு: கையில் சுமார் 20 நாள் ரேஷன், 2,500 வண்டிகள், கூடவே ஓட்டிச் சென்ற மாட்டு மந்தை. மீதி வழியில் எடுத்துக்கொள்வது. ஷெர்மன் 1860 சென்சஸை மேசையில் விரித்து எந்தக் கவுண்டியில் எவ்வளவு சோளம், எத்தனை கால்நடை என்று பார்த்துத்தான் வழியைத் தீர்மானித்தார். சென்சஸ் துறையை இந்த மாதிரிப் பயன்படுத்திய தளபதி அதற்கு முன் யாரும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. நாலு கோர், நாலு இணைச்சாலைகள், நாளுக்கு 15 மைல். ஒரே சாலையில் போயிருந்தால் பின்னால் வருபவனுக்குச் சோளத்தட்டைகூட மிஞ்சியிருக்காது.

கறார் கந்தசாமி:
பழைய பலகைகள் ஒருதலைப்பட்சம் என்பது சரி. ஆனால் 2014 பலகையை மட்டும் எல்லோரும் ஏன் தலையில் தூக்கி வைக்கிறீர்கள்?

ஷெர்மனின் சொந்த அறிக்கையையே எடுத்துக்கொள்வோம். ஜார்ஜியாவுக்கு ஏற்பட்ட சேதம் 10 கோடி டாலர் என்று அவரே மதிப்பிட்டார். அதில் 2 கோடிதான் ராணுவத்துக்குப் பயன்பட்டது, மீதி வெறும் விரயமும் அழிவும் என்று அவரே சொல்கிறார். அவர் வாயாலேயே ஐந்தில் நாலு பங்கு விரயம்! பிறகு 'பெரும்பாலும் போர்ச் சொத்துதான்' என்று 150 வருடம் கழித்து ஒரு பலகை சொன்னால்?

உத்தரவு நாகரிகமாகத்தான் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். நவம்பர் 9 தேதியிட்ட 120-ஆம் உத்தரவு. உணவு திரட்ட ஒரு அதிகாரியின் கீழ் முறையான குழு, சிப்பாய் வீட்டுக்குள் நுழையக் கூடாது, வீடு, ஆலை, ஜின் இவற்றை அழிக்கும் அதிகாரம் கோர் தளபதிக்கு மட்டும். நடைமுறையில் 'பம்மர்' என்று பேர் வாங்கிய கும்பல்கள் சமையலறை, கோழிக்கூண்டு, பன்றிக்கறி தொங்கும் புகைக்கூடம் எதையும் விடவில்லை. அடிமைகளின் குடிசையிலும் புகுந்து அவர்கள் பாடுபட்டுச் சேர்த்த சோளத்தையும் போர்வையையும் எடுத்தார்கள். இதைப் பழைய பலகையும் சொல்லாது, புதிய பலகையும் சொல்லாது.

மில்லெட்ஜ்வில் பக்கத்தில் ஒரு பண்ணையில் தங்கிய ஷெர்மன், அது ஹோவெல் காப் என்பவருடையது என்று தெரிந்ததும் எதையும் விட்டுவைக்காதே என்று சொன்னதை அவரே நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். காப் அமெரிக்காவின் முன்னாள் நிதிச் செயலாளர், அப்போது கான்ஃபெடரேட் ஜெனரல். அவர் மேல் கோபம் வருவது நியாயம்தான். ஆனால் அது போர்ச் சொத்து என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

சாலைப்பித்தன்:
கந்தசாமி சார், 10 கோடிக் கணக்கில் ரயில் பாதையும் பஞ்சும் எந்தப் பங்கில் வருகின்றன என்பதைப் பொறுத்தது அல்லவா? தண்டவாளத்தைத் தீயில் காய்ச்சி மரத்தைச் சுற்றி வளைத்துப் போட்டுவிட்டுப் போனார்களே, அதுவே பல மைல் தூரம். மேலும் பண்ணைச் சோளம் வர்ஜீனியாவில் இருந்த தெற்கின் தளபதி லீயின் படைக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்தது. சோளத்தைப் போர்ச் சொத்து இல்லை என்று எப்படிச் சொல்வது?

கறார் கந்தசாமி:
அப்படிப் பார்த்தால் எல்லாமே போர்ச் சொத்துதான். பசுமாடும் போர்ச் சொத்து, அதன் பாலைக் குடிக்கும் குழந்தையும் நாளைய சிப்பாய். பிறகு அந்த வாக்கியத்துக்கே அர்த்தம் இல்லை.

மேக்கன் மாமா:
இங்கே இன்னொன்று. சூறையாடியதில் வீலரின் ஆட்களுக்கும் பங்கு உண்டு. கான்ஃபெடரேட் குதிரைப்படை சொந்த மாநிலத்துப் பண்ணைகளிலேயே குதிரையும் தீவனமும் பிடுங்கியதாக அப்போதே ஜார்ஜியர்கள் புகார் எழுதினார்கள். அதுவும் இன்று ஷெர்மன் கணக்கில் ஏறிவிட்டது. அந்த வீலர் பின்னாளில் 1898 ஸ்பெயின் போரில் அமெரிக்க ராணுவத்துக்கே ஜெனரலாகப் போனார், அது தனிக்கதை.

கம்மிங் தேன்மொழி:
பக்கம் பக்கமாகப் போகிறது, சொத்துக் கணக்கு மட்டும் பேசுகிறீர்கள். 1860 சென்சஸ்படி ஜார்ஜியாவில் 4,62,198 அடிமைகள். மாநிலத்தின் மக்கள்தொகையில் 44 சதவீதம். அவர்களும் அன்றைய கணக்கில் சொத்துதான். படை வந்ததும் அந்தச் 'சொத்து' தானே எழுந்து நடந்தது. பண்ணைக்காரருக்கு எரிந்த பஞ்சைவிட அதுதான் பெரிய இடி.

ஷெர்மன் விடுவித்தார் என்று 2014 பலகை சொல்வதும் எனக்கு முழுசாகச் சரியாகப் படவில்லை. கவிங்டன் பக்கம் ஒரு பண்ணையில் நரைத்த கிழவர் ஒருவரிடம் ஷெர்மன் பேசியதை அவரே எழுதியிருக்கிறார். சிறுவயதிலிருந்தே நாங்கள் ஆண்டவனின் தூதனை எதிர்பார்த்திருந்தோம் என்று அந்தக் கிழவர் சொல்கிறார். ஷெர்மன் பதிலுக்கு என்ன சொன்னார்? இருந்த இடத்திலேயே இருங்கள், வீண் வாய்களைச் சுமந்துகொண்டு போக முடியாது, வலுவுள்ள இளைஞர்களை மட்டும் வேலைக்கு எடுத்துக்கொள்வோம் என்றார். அப்படியும் பெண்களும் குழந்தைகளும் கிழவர்களுமாக ஆயிரக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். யாரும் அழைக்காமல், வேண்டாம் என்று சொல்லியும் நடந்தவர்கள்.

அந்த நடை எங்கே போய் முடிந்தது என்றால், எபினேசர் ஓடை. சவானாவுக்கு வடக்கே எஃபிங்ஹாம் கவுண்டி. டிசம்பர் 9. 14-ஆவது கோர் மிதவைப் பாலம் போட்டுக் கடக்கிறது. பின்தொடர்ந்து வந்தவர்களை ஓரமாக நிற்கச் சொல்கிறார்கள், முன்னால் சண்டை இருக்கிறது, படை போனதும் நீங்கள் வரலாம் என்று காரணம் சொல்கிறார்கள். கடைசிச் சிப்பாய் கடந்ததும் பாலத்தை அவிழ்த்து இழுத்துக்கொண்டார்கள். முன்னால் குளிர்காலத்து ஓடை, ஆழம், இரண்டு பக்கமும் சதுப்பு. பின்னால் வீலரின் குதிரைகள். ஜனங்கள் தண்ணீரில் குதித்தார்கள். அக்கரையில் இருந்த சில சிப்பாய்கள் பொறுக்காமல் மரக்கட்டைகளையும் கிளைகளையும் எறிந்தார்கள், சிலர் அதைப் பிடித்துக் கரையேறினார்கள். மூழ்கியவர்களை யாரும் எண்ணவில்லை. இக்கரையில் சிக்கியவர்களைப் பிடித்துத் திரும்ப அடிமைத்தனத்துக்கே கொண்டுபோனார்கள்.

2010-இல்தான் அங்கே ஒரு பலகை வந்தது. நாலு கோரும் எந்த ஓடையை எங்கே கடந்தன என்று 1950களிலேயே எழுதிவிட்டார்கள். இந்த ஓடைக்கு மட்டும் 146 வருடம் ஆயிற்று.

பழையகாகிதம்:
தேன்மொழி அக்கா சொன்னதோடு சேர்த்து: பாலத்தை எடுக்கச் சொன்ன கோர் தளபதியின் பெயர் ஜெஃபர்சன் சி. டேவிஸ். கான்ஃபெடரேட் அதிபர் ஜெஃபர்சன் டேவிஸுக்கும் இவருக்கும் சம்பந்தம் இல்லை, இவர் யூனியன் ஜெனரல். 1862-இல் கென்டக்கியின் லூயிவில்லில் ஒரு ஹோட்டலில் தன் மேலதிகாரி ஜெனரல் நெல்சனை வாக்குவாதத்தில் சுட்டுக் கொன்றவர். தண்டனை ஏதும் இல்லை, திரும்ப வேலைக்கு வந்துவிட்டார். எபினேசருக்கும் தண்டனை இல்லை. ஷெர்மன் அவரைத் தாங்கித்தான் பேசினார்.

ஆனால் விஷயம் அமுங்கவில்லை. அதே கோரில் இருந்த இல்லினாய் மேஜர் ஜேம்ஸ் கானொலி கொதித்துப்போய் எழுதிய கடிதம் பத்திரிகைக்குப் போயிற்று. ஷெர்மனுக்குக் கறுப்பர்கள் மேல் ஏறக்குறைய குற்றம் என்று சொல்லத்தக்க வெறுப்பு இருப்பதாக வாஷிங்டனில் பேச்சு என்று டிசம்பர் 30-இல் அங்கிருந்த ராணுவத் தலைமை அதிகாரி ஹாலெக் அவருக்கே எழுதினார். போர்ச் செயலாளர் ஸ்டான்டன் கப்பலேறிச் சவானாவுக்கே வந்துவிட்டார்.

1865 ஜனவரி 12. ஷெர்மன் தங்கியிருந்த சார்ல்ஸ் கிரீன் மாளிகையில் 20 கறுப்பினப் பாதிரிமார்கள். அவர்கள் சார்பில் பேசியவர் கேரிசன் ஃபிரேசியர், 67 வயது, எட்டு வருடம் முன்பு 1,000 டாலர் கொடுத்துத் தன்னையும் மனைவியையும் விலைக்கு வாங்கி விடுதலையானவர். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, நிலம் வேண்டும், எங்கள் உழைப்பில் உழுதுகொள்கிறோம் என்றார். ஷெர்மனைப் பற்றிய அபிப்பிராயம் கேட்கும்போது ஷெர்மனை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார் ஸ்டான்டன்! ஷெர்மனுக்கு அந்தக் கோபம் கடைசிவரை தீரவில்லை. பாதிரிமார்கள் அவரைப் பற்றி நல்லதாகத்தான் சொன்னார்கள்.

நாலே நாளில், ஜனவரி 16 அன்று, ஷெர்மனின் 15-ஆம் உத்தரவு. தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனிலிருந்து தெற்கே ஃப்ளோரிடாவின் செயின்ட் ஜான்ஸ் ஆறுவரை கடலோர நிலம், குடும்பத்துக்கு 40 ஏக்கருக்கு மிகாமல். சுமார் 40,000 பேர் குடியேறினார்கள். லிங்கனுக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன் அதே வருடமே பழைய முதலாளிகளுக்குத் திருப்பிக் கொடுக்க வைத்தார்.

கேள்விக்குறி:
இது தெரியவே தெரியாது. சவானாவில் அந்த மாளிகை வாசல்வரை போய் போட்டோ எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

சரி, அப்போ பழைய பலகைகளைப் பிடுங்கிப் போட வேண்டியதுதானே?

மேக்கன் மாமா:
பிடுங்குவதற்கு யாரும் சிரமப்பட வேண்டாம். லாரி இடிக்கிறது, புல் வெட்டுகிற வண்டி சாய்க்கிறது, திருடன் உலோகத்துக்காகக் கழற்றுகிறான், சாலையை அகலப்படுத்தும்போது எடுத்து வைத்தது திரும்ப வருவதில்லை. கம்பம் மட்டும் நிற்கிற இடங்கள் எனக்கே தெரியும்.

கறார் கந்தசாமி:
எடுக்கக் கூடாது. 1957-இல் ஜார்ஜியா அரசு எதைச் சொல்ல விரும்பியது, எதைச் சொல்ல விரும்பவில்லை என்பதற்கு அந்தப் பலகையே சாட்சி. பக்கத்தில் இன்னொன்று நடுங்கள்.

கம்மிங் தேன்மொழி:
பக்கத்தில் நடுவதற்குக் காசு யார் கொடுப்பது? புதிய பலகைக்கு யாராவது விண்ணப்பித்து, ஆதாரம் காட்டி, செலவில் பங்கும் கொடுக்க வேண்டும். எந்த ஊரில் ஆளும் பணமும் இருக்கிறதோ அங்கேதான் வரும். பழையது 2,000, எல்லாம் அரசாங்கச் செலவில். அதற்கு ஈடாக 'பக்கத்தில் ஒன்று' என்று சொல்வது சுலபம். கார்ட்டர் வளாகத்தில் அமைந்தது, ஏனென்றால் அங்கே கார்ட்டர் மையம் இருக்கிறது.

பழையகாகிதம்:
கார்ட்டர் மையம் இருக்கும் அந்தக் குன்றே விசேஷமான இடம்தான். 1864 ஜூலை 22 அட்லாண்டா சண்டையின்போது ஷெர்மனின் தலைமையிடம் அங்கே இருந்த அகஸ்டஸ் ஹர்ட் என்பவரின் வீடு.

ராலே ராகவன்:
வட கரோலினாவிலிருந்து ஒரு குரல். எங்கள் மாநிலப் பலகைத் திட்டம் 1935-இலேயே தொடங்கியது. வெள்ளிப் பின்னணியில் கறுப்பு எழுத்து, நாலைந்து வரிதான். ஓடும் காரிலிருந்தே படித்துவிடலாம். ஷெர்மன் படை இங்கே 1865 மார்ச்சில் வந்தது. ஃபேயட்வில்லில் ஆயுதக்கிடங்கை இடித்தது, 19 முதல் 21 வரை பென்டன்வில்லில் சண்டை, பிறகு கோல்ட்ஸ்பரோ. ஒவ்வொரு இடத்திலும் பலகை உண்டு. யார், எப்போது, எத்தனை மைல் தள்ளி. அவ்வளவுதான். அபிப்பிராயத்துக்கு இடமே இல்லாததால் சண்டையும் குறைவு.

டர்ஹமில் வேலை பார்க்கிற நம்மவர்கள் தினமும் பென்னட் பிளேஸ் பக்கம்தான் போய்வருகிறார்கள். ஏப்ரல் 26 அன்று தெற்கின் ஜெனரல் ஜான்ஸ்டன் ஷெர்மனிடம் சரணடைந்த பண்ணை வீடு அது. கரோலினாக்கள், ஜார்ஜியா, ஃப்ளோரிடா எல்லாம் சேர்த்து 89,270 பேர். லீ சரணடைந்த அப்போமாட்டாக்ஸை எல்லோருக்கும் தெரியும், அதைவிடப் பல மடங்கு பெரிய இந்தச் சரணடைவைக் கேட்டால் பக்கத்து அபார்ட்மென்ட்காரருக்கே தெரியாது.

கறார் கந்தசாமி:
நாலு வரியில் அபிப்பிராயம் இல்லை என்பதை ஏற்க மாட்டேன். எதை விடுகிறீர்கள் என்பதிலேயே அபிப்பிராயம் இருக்கிறது. படை போனது என்று மட்டும் எழுதிவிட்டு, அதன் பின்னால் யார் போனார்கள் என்று எழுதாவிட்டால் அது நடுநிலை இல்லை.

எல்லோரும் குறை சொல்கிறோம். யாராவது 60, 70 சொல்லுக்குள் ஒரு பலகை எழுதிக் காட்டுங்கள் பார்ப்போம்.

கம்மிங் தேன்மொழி:
இதோ:

'1864 நவம்பர் 15 முதல் டிசம்பர் 21 வரை, வில்லியம் டெகும்சே ஷெர்மன் தலைமையில் சுமார் 62,000 யூனியன் வீரர்கள் அட்லாண்டாவிலிருந்து சவானாவுக்கு இவ்வழியே நடந்தனர். அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலங்களின் போர்த்திறனை முறிப்பதே நோக்கம். ரயில் பாதை, ஆலை, பஞ்சு, தானியம், கால்நடை அழிந்தன. செல்வர் வீட்டிலும் அடிமைக் குடிசையிலும் சூறை நடந்தது. ஆயிரக்கணக்கான அடிமைகள் பண்ணைகளை விட்டுப் படையின் பின்னே நடந்து தங்களை விடுவித்துக்கொண்டனர். டிசம்பர் 9 அன்று எபினேசர் ஓடையில் பாலம் அகற்றப்பட்டதால் பலர் மூழ்கினர்.'

கறார் கந்தசாமி:
நன்றாக இருக்கிறது அக்கா. குடிசையைச் சேர்த்ததற்கு நன்றி. ஆனால் பாலம் 'அகற்றப்பட்டதால்' என்றால்? காற்றில் போயிற்றா? டேவிஸ் பெயர் எங்கே? இத்தனை நேரம் பெயர் விடுபட்டதற்காகத்தான் பழைய பலகையைத் திட்டினோம்.

கம்மிங் தேன்மொழி:
'ஜெனரல் ஜெஃபர்சன் சி. டேவிஸ் பாலத்தை எடுத்துவிட்டதால்' என்று வைத்துக்கொள்ளுங்கள். படிக்கிறவர்களில் பாதிப் பேர் கான்ஃபெடரேட் அதிபர் என்று நினைத்துக்கொள்வார்கள், பரவாயில்லையா?

ராலே ராகவன்:
'யூனியன் ஜெனரல்' என்று போடுங்கள். எங்கள் ஊரில் இதை இப்படிச் சுருக்குவார்கள்: 'ஷெர்மன் படையைத் தொடர்ந்து வந்த விடுதலையான அடிமைகளை யூனியன் ஜெனரல் ஜே. சி. டேவிஸ் இங்கே கைவிட்டார், 1864 டிசம்பர் 9. பலர் மூழ்கினர்.' காரை நிறுத்தவே வேண்டாம்.

மேக்கன் மாமா:
தேன்மொழி, 'இவ்வழியே' என்று எழுதியிருக்கிறாயே அம்மா, எவ்வழியே? நாலு கோர், நாலு சாலை, பரப்பு சில இடங்களில் 60 மைல். இந்தப் பலகையை கிரிஸ்வல்ட்வில்லில் நட்டால் தப்பு, அங்கே வந்தது வலது அணி, எபினேசரில் பாலத்தை எடுத்தது இடது அணி. சாலையோரப் பலகை என்றால் நின்று படிக்கிறவன் காலடியில் என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். கர்ட்ஸ் ஒவ்வொரு ஓடையாக எழுதியதற்கு அதுதான் காரணம். எதை விட்டார் என்பது வேறு விஷயம், இடத்தை விடவில்லை.

சாலைப்பித்தன்:
அப்படியானால் இதைக் கவிங்டனுக்கு வைத்துக்கொள்ளலாம். 14-ஆவது கோர் அந்த வழியாகத்தான் போயிற்று, ஷெர்மனும் அதோடுதான் இருந்தார். அந்தக் கிழவர் பேசியதும் அங்கேதான். அவர் கேட்டதையும் ஷெர்மன் சொன்ன பதிலையும் ஒரு வரி சேர்த்தால் எபினேசருக்குக் காரணமும் புரியும்.

கறார் கந்தசாமி:
சேருங்கள். ஆனால் 70 சொல்லைத் தாண்டுகிறது.

மேக்கன் மாமா:
ஷெர்மனின் நடுப்பெயரை எடுத்துவிடுங்கள். ஜார்ஜியாவில் எந்த ஷெர்மன் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.